நானே அணைத்த சூடம்

என்னை வேலையை விட்டு நீக்கியதற்குக் கம்பெனி சொன்ன காரணம் திருட்டு. பொருளை எடுத்துக்கொண்டு வெளியே போகும்போது நான் பிடிபடவில்லை. அதைத் திருப்பிக் கொண்டுவந்து உள்ளே நுழையும்போதுதான் பிடிபட்டேன். இதைக் கேட்டவர்களில் பாதிப்பேர் சிரித்துவிடுகிறார்கள். எனக்கு இன்றுவரை சிரிப்பு வந்ததில்லை.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்த காலம் அது. பெங்களூரில் ஓசூர் ரோடு பக்கம், இயந்திரங்களுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் நான் பிட்டர். குடியிருந்தது நீலசந்திராவில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக எட்டு குடித்தனங்கள் இருந்த ஒரு லைன் வீட்டில். மனைவி, இரண்டு பையன்கள், ஒரு பெண். நான் படித்தது ஐந்தாவது வரைதான். ஆனால் காலையில் குளித்து, திருநீறு பூசி, சாமி படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்காமல் ஒரு நாளும் வேலைக்குப் போனதில்லை.

எங்கள் வேலைக்கு உயிர்நாடி மைக்ரோமீட்டர் என்கிற அளவுக் கருவி. உள்ளங்கையில் அடங்கும், தலைமுடியின் கனத்தைக்கூட அளந்து சொல்லும். சீமையிலிருந்து வந்தது. ஆளாளுக்கு நம்பர் போட்ட பித்தளை வில்லை ஒன்று உண்டு. அதை ஸ்டோரில் கொடுத்தால் ஒரு கொக்கியில் மாட்டிவிட்டுக் கருவியைக் கொடுப்பார்கள். வேலை முடிந்து கருவியைத் திருப்பிக் கொடுத்து வில்லையை வாங்கிக்கொள்ள வேண்டும். எட்டு வருஷமாக எனக்கு அந்த ஒரே மைக்ரோமீட்டர்தான். அதன் திருகு எந்த இடத்தில் கொஞ்சம் இறுகும் என்பதுகூட என் விரலுக்குத் தெரியும்.

வருஷா வருஷம் ஆயுத பூசைக்கு எங்கள் கம்பெனி கல்யாண வீடு மாதிரி இருக்கும். மிஷின்களைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, ஆளுக்கு ஒரு பொட்டலம் பொரிகடலை கொடுப்பார்கள். அந்த வருஷம் பம்பாயிலிருந்து புது மானேஜர் வந்திருந்தார். எண்ணெய்த் துணி கிடக்கிற இடத்தில் சூடம் கொளுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டார். பூசை கிடையாது, சாயந்திரம் வரை வேலை, மறுநாள் லீவு. அவ்வளவுதான்.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று இப்போது தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை. வருஷம் முழுக்க எனக்குச் சோறு போடும் கருவிக்கு ஒரு பொட்டு வைக்காமல் விட்டால் அது பாவம் என்றே என் மனசு சொன்னது. மணி அடிக்கும் சமயத்தில் எங்கள் மேஸ்திரியிடம் போய் நின்றேன். அவரும் தமிழர்தான். பக்கத்துத் தெருவில் குடியிருந்தார். ஆறு வருஷம் ஒன்றாக வேலை செய்தவர்கள் நாங்கள்.

"மேஸ்திரி, இத வூட்டுக்கு எடுத்துக்கினு போயி சாமி முன்னால வெச்சு எடுத்தாந்துடட்டா?" என்று கேட்டேன்.

"ஏம்ப்பா, அந்த லேத்து மிஷின் இன்னா பாவம் பண்ணிச்சு? அதையும் தலைல தூக்கி வெச்சுக்கினு போயேன்!" என்று சிரித்தார். பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "சரி, கொண்டு போ. லீவு முடிஞ்சு வரச்சொல்லோ மறக்காம கொண்டாந்துடு. எம் பேர்லயும் ஒரு தேங்கா ஒட" என்றார்.

மைக்ரோமீட்டரைத் துணியில் சுற்றி டிபன் கேரியரின் மேல் அடுக்கில் வைத்துக்கொண்டேன். அடிபடாமல் இருக்கத்தான் அங்கே வைத்தேன் என்று பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். அது உண்மைதான். ஆனால் முழு உண்மை இல்லை. கேட்டில் வாட்ச்மேன் பார்த்துக் கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே என்கிற கூச்சமும் இருந்தது. மேஸ்திரி சொல்லிவிட்டார் என்ற தைரியத்தில் அந்தக் கூச்சத்தை நான் பெரிதாக நினைக்கவில்லை. என் தப்பு அங்கே ஆரம்பித்தது.

பூசை நன்றாகவே நடந்தது. வாழை இலையில் அரிவாள்மணை, கத்தரிக்கோல், பிள்ளைகளின் சிலேட்டு, நடுவில் என் மைக்ரோமீட்டர். இரண்டு தேங்காய் உடைத்தேன், இரண்டாவது மேஸ்திரியின் பெயரைச் சொல்லி. அந்த மூடிகளையும் பொரிகடலையையும் ஒரு தட்டில் வைத்து என் மனைவி அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். தட்டை வெறுமனே திருப்பக் கூடாது என்று மேஸ்திரியின் சம்சாரம் இரண்டு வாழைப்பழம் வைத்து அனுப்பினாள்.

லீவு முடிந்த காலையில் ஸ்டோர்காரர் முதலில் வந்து பார்த்திருக்கிறார். கொக்கியில் என் வில்லை தொங்குகிறது, கருவியின் பெட்டி காலி. கேட்டுக்குச் சொல்லிவிட்டார். வாட்ச்மேன் என் டிபன் கேரியரைத் திறந்து மைக்ரோமீட்டரை வெளியே எடுத்தார். "அரே, பொட்டெல்லாம் வெச்சுக் கொண்டாந்துகிறியே பாய், இதுக்கென்ன ஷாதியா, கல்யாணமா?" என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் அசட்டுத்தனமாகச் சிரித்தேன். மேஸ்திரி வந்தால் சரியாகிவிடும் என்று இருந்தேன்.

மானேஜர் ரூமில் அவர் இங்கிலீஷில் கேட்க, குமாஸ்தா எனக்குத் தமிழில் சொன்னார். அனுமதி இருந்தால் சோற்றுப் பாத்திரத்தில் ஏன் ஒளித்தாய் என்பது முதல் கேள்வி. அதற்கு நான் தடுமாறினேன். திருடுகிறவன் தன் நம்பர் வில்லையைக் கொக்கியிலேயே விட்டுவிட்டுப் போவானா, திருப்பிக் கொண்டுவருவானா என்று கேட்டேன். பயந்துபோய்க் கொண்டுவந்திருப்பாய் என்றார். பிறகு கருவியைக் கையில் எடுத்துத் திருகிப் பார்த்தார். திருகவில்லை. நான் மேலே வைத்த சந்தனம் திருகின் மரைக்குள் இறங்கிக் காய்ந்திருந்தது. அவர் அதை என் முகத்துக்கு நேரே நீட்டியபோது என்னை அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. எட்டு வருஷம் கண்ணாகப் பார்த்த கருவியை நானே கெடுத்திருந்தேன், பக்தி என்ற பெயரில்.

மேஸ்திரியைக் கூப்பிட்டார்கள். அவர் உள்ளே வரும்போதே மானேஜர், "நீ அனுமதி கொடுத்திருந்தால் இது உன் தப்பு, இவன் வேலைக்குப் போகலாம்" என்று சொல்லிவிட்டார். அதாவது, எங்கள் இருவரில் ஒருவர் வெளியே. மேஸ்திரிக்கு மூன்று பெண் குழந்தைகள், கடைசி கைக்குழந்தை.

"எனக்கு ஒன்னும் தெரியாது சார். இவன் எங்கிட்ட கேக்கவே இல்ல" என்றார் மேஸ்திரி. என் பக்கம் திரும்பவே இல்லை.

அன்று மத்தியானத்துக்குள் என் கதை முடிந்தது.

அதற்கப்புறம் வேலை தேடி நடந்தேன். அடுகோடியில் சின்னச் சின்னப் பட்டறைகள் இருந்தன, ஆஸ்டின் டவுனில் சில. எங்கே போனாலும் முதல் கேள்வி, "பழைய எடத்தை ஏன் விட்ட?" நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன். ஒருவர் முழுசாகக் கேட்டுவிட்டு, "பேடப்பா, நமக்கு பேடா" என்று கன்னடத்தில் வேண்டாம் சொல்லிக் கையை ஆட்டி அனுப்பினார். இன்னொருவர் நான் பேசி முடிக்கும் முன்பே மேஜை மேல் இருந்த கருவிகளை ஒரு பக்கமாக நகர்த்தி வைத்தார். அந்தக் கை நகர்ந்தது எனக்குக் கனவிலும் வந்தது.

"ஆள் கொறச்சிட்டாங்கன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? இன்னா, நாக்கு அழுகிடுமா?" என்றாள் என் மனைவி.

நான் மகான் இல்லை. கோபம் இல்லாதவனும் இல்லை. காலையில் சாமி படத்துக்கு முன்னால் நின்று, "உனக்குப் பொட்டு வெச்சதுக்கா எனக்கு இது?" என்று வாய்விட்டே கேட்டிருக்கிறேன். ஆனால் வேலை போன அன்று இரண்டு காரியம் எனக்குள் நிச்சயம் செய்துகொண்டேன். இதைப் பற்றி யாரிடமும் பொய் சொல்வதில்லை. என் கஷ்டம் தீர இன்னொரு குடும்பத்துக்குக் கேடு நினைப்பதில்லை. வேலை, பெயர், தெருவில் மரியாதை எல்லாம் பிறர் கொடுத்தது, அவர்கள் பிடுங்கிக்கொண்டார்கள். இந்த இரண்டை நானாக விட்டால்தான் போகும் என்று நினைத்தேன். இவை வயிற்றை நிரப்பவில்லை. காலையில் திருநீறு எடுக்கும்போது கை நடுங்காமல் இருந்தது, அவ்வளவுதான் லாபம். அந்த லாபத்தை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு என்ன வாங்க முடியும் என்று என் மனைவி கேட்டால் அதுவும் நியாயம்தான்.

எங்கள் லைனில் மூன்றாவது வீட்டுக்காரர் அதே கம்பெனியில் லேத் ஓட்டுகிறவர். எனக்காக உண்மையிலேயே துடித்தவர் அவர் ஒருவர்தான். ஒருநாள் குழாயடியில் பிடித்துக்கொண்டார்.

"இன்னாத்துக்கு இப்டி தெருத் தெருவா சுத்தற? மேஸ்திரிய மாரியம்மன் கோவிலுக்குக் கூப்புடு. சூடம் ஏத்தி அணைக்கச் சொல்லு. அம்மன் முன்னால பொய் சொல்ல எவனுக்குத் தைரியம் வரும்? அப்டியே கால்ல வுழுந்து ஒத்துக்குவான். நாலு பேர் சாட்சியா மானேஜராண்ட போயி நிப்போம்."

எங்கள் ஜனங்களுக்கு இதுதான் கடைசிக் கோர்ட்டு. அம்மன் முன்னால் எரிகிற சூடத்தை, சொல்ல வேண்டியதைச் சொல்லி உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். பொய்யாக அணைத்தால் அந்த வீட்டில் பிள்ளைகுட்டி தங்காது என்பது நம்பிக்கை. அணைக்காமல் பின்வாங்கினாலோ, வேறொருவர் சத்தியத்தை நடுவில் கெடுத்தாலோ, அப்படிச் செய்தவர்தான் குற்றவாளி. அதற்கு மேல் பேச்சு கிடையாது.

நான் வேண்டாம் என்றேன். "தப்பித்தவறி அணைச்சுட்டார்னா? பொம்பளப் புள்ளைங்க இருக்கிற வூடு."

உள்ளே இருந்த என் மனைவிக்கு இது கேட்டுவிட்டது. "அவன் புள்ளைங்க மேல இருக்கிற பரிவு பெத்த புள்ளைங்க மேல இல்லியே உங்களுக்கு!" என்றாள். பையன்கள் இரண்டு பேரும் பக்கத்திலேயே உட்கார்ந்து கேழ்வரகுக் கூழ் குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன். போக இடமில்லாமல் வெளியே போவது எவ்வளவு கேவலம் என்று வேலையில்லாதவனுக்குத்தான் தெரியும்.

மூன்று வாரம் தாக்குப்பிடித்தேன். பிறகு ஆஸ்டின் டவுனில் ஒரு பட்டறைக்காரர், என் கதையை நான் ஆரம்பிக்கும் முன்பே கையைக் காட்டி நிறுத்தினார். "தெரியும்யா. ஒங்க மேஸ்திரியே சொன்னாரு. கை கொஞ்சம் நீளம், ஜாக்கிரதைன்னு."

அவர் பயத்தில் ஒரு பொய் சொன்னதை நான் பொறுத்துக்கொண்டிருந்தேன். பயம் எனக்கும் தெரிந்த பொருள்தான். ஆனால் என் வேலை போன பிறகும், போகிற இடமெல்லாம் முன்னால் ஓடி என் பெயரையும் அவர் கெடுத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குத் திரும்பும்போது லேத்துக்காரர் வீட்டு வாசலில் நின்று சொன்னேன்: "வெள்ளிக்கிழமைக்குச் சொல்லி அனுப்புப்பா."

மேஸ்திரி வரமாட்டார், வந்தாலும் அழுதுவிடுவார் என்று நம்பினேன். இந்த நம்பிக்கைதான் என் இரண்டாவது தப்பு.

வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும் நேரம். கோவில் வாசலில் லைன்காரர்கள், கம்பெனி ஆட்கள், பொம்பளைகள் என்று கூட்டம். மேஸ்திரி தலைக்குக் குளித்து, ஈர வேட்டியோடு வந்தார். பின்னால் அவர் சம்சாரம், இடுப்பில் கைக்குழந்தை, முந்தானையைப் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டு பெண்கள். குழந்தைகளை ஏன் கூட்டி வந்தார்? பொய் சொல்லுகிறவன் பிள்ளைகளைக் கூட்டி வரமாட்டான் என்று ஊர் நினைக்க வேண்டும். அதற்காகத்தான்.

பூசாரி கல்லின்மேல் சூடத்தை வைத்துக் கொளுத்தினார்.

"மைக்ரோமீட்டர எடுத்துக்கினு போவ இவன் எங்கிட்ட கேக்கல, நான் சரின்னு சொல்லல. அத சொல்லி அணை மேஸ்திரி" என்றார் லேத்துக்காரர்.

மேஸ்திரி அழவில்லை. காலில் விழவில்லை. கையைத் தூக்கினார். உதடு காய்ந்திருந்தது. "இவன் எங்கிட்ட..." என்று ஆரம்பித்தார். நான் அவர் சம்சாரத்தைப் பார்த்தேன். அந்தக் கருவிக்கு வைத்த பூசையில், மேஸ்திரி கேட்டபடி அவர் பேரில் உடைத்த தேங்காய் என்று சொல்லித்தானே என் மனைவி மூடியைக் கொடுத்தாள். அவளுக்குத் தெரியாமல் இருக்காது. அவள் குழந்தையின் முகத்தைத் தன் தோளில் அழுத்தி, சூடத்தைப் பார்க்காதபடி மூடிக்கொண்டாள்.

இந்த மனுஷன் அணைக்கத்தான் போகிறான் என்று அப்போது எனக்குப் புரிந்தது. அம்மனைவிட வேலை போகிற பயம் அவருக்குப் பெரிதாக இருந்தது. நானும் ஒரு மாதமாக அந்தப் பயத்தில் வாழ்ந்தவன்தானே. அவரை இங்கே இழுத்து வந்தவன் நான். நாளைக்கு அந்தக் குழந்தைக்கு ஒரு ஜுரம் வந்தால்கூட அந்தத் தாய் என்ன நினைப்பாள், நான் என்ன நினைப்பேன்?

யோசித்துச் செய்தேன் என்று சொல்லமாட்டேன். அவர் கை இறங்குவதற்குள் என் கை இறங்கிவிட்டது. உள்ளங்கை பொசுங்கியது. சூடம் அணைந்தது.

பிறகு எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள்.

"இன்னாடா இது, கூப்ட்டவனே அணைக்கிறான்!"

"மடியில கனம் இருந்தா வழியில பயம். அவ்ளோதான்."

"சத்தியத்த கெடுத்துட்டான்பா. இனிமே பேச இன்னா இருக்குது?"

லேத்துக்காரர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "பைத்தியமா நீ? நான் உனக்காகக் கம்பெனியில மூஞ்சி காட்டி நின்னேனே! நீயே ஒத்துக்கின மாதிரி ஆச்சேடா!" அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நான், "அவர் பொய்யா அணைக்க இருந்தாரு, புள்ளைங்க..." என்று ஆரம்பித்தேன். "ஆமா, நீ ரொம்பக் கண்ட!" என்று கூட்டத்தில் ஒரு கிழவர் வெட்டினார். சிரிப்பு எழுந்தது. அதற்குப் பிறகு லேத்துக்காரர் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

மேஸ்திரி தூக்கிய கையை இறக்காமலே நின்றதை நான் பார்த்தேன். கூட்டம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்ததும் கையை இறக்கினார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதற்குப் பிறகு எந்தக் காலத்திலும் சொல்லவில்லை. கதைகளில் வருகிற மாதிரி ஒருநாள் வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுவார் என்று நானும் ரொம்ப நாள் எதிர்பார்த்தேன். வரவில்லை.

வீட்டுக்கு வந்து வெந்த கைக்கு அரிசி மாவு அரைத்துப் போடச் சொன்னேன். என் மனைவி மாவை அரைத்துப் போட்டாள். நடந்ததை ஆதியோடு அந்தமாக அவளிடம் சொன்னேன். அவள் முகத்தைக்கூடத் திருப்பவில்லை. தர்மத்தைக் காப்பாற்றினால் தர்மம் நம்மைக் காப்பாற்றும் என்று யாரோ சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். அன்றைக்கு அந்த வாக்கியத்தின் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. காப்பாற்றுவது என்றால் எப்போது? அதுவரை அரிசிக்கு என்ன வழி? பொய் சொல்லாமலும் பிறர் குடியைக் கெடுக்காமலும் இருந்ததற்கு எனக்குக் கிடைத்தது திருடன் என்ற பட்டம், அதுவும் அம்மன் சன்னதியில், என் கையாலேயே.

மறுநாள் காலை குழாயில் தண்ணீர் விட்டிருந்தார்கள். நான் வாசற்படியில் உட்கார்ந்து கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குழாயடியில் பெண்கள் பேச்சு கேட்டது. மேஸ்திரியின் சம்சாரமும் குடத்தோடு வரிசையில் நின்றிருந்தாள்; அவர்கள் தெருக் குழாயில் தண்ணீர் வராத நாட்களில் இங்கேதான் வருவார்கள்.

"இன்னாக்கா, ஒங்க வூட்டுக்காரருக்குக் கை வெந்துடுச்சாமே? அம்மன் அங்கேயே குடுத்துட்டா பாரு" என்றாள் ஒருத்தி, என் மனைவியிடம்.

என் மனைவி குடத்தைக் கீழே வைத்தாள். "ஆமா, வெந்துடுச்சு. ஊரான் புள்ளைங்க வாழணும்னு நெருப்புல கைய வெச்ச மனுஷன் என் புருஷன். உங்க வூட்ல எவன்னா வெப்பானா? வூடு வூடா கேட்டு வந்து சொல்லுங்கடி. அப்பறமா என்னாண்ட பேசுங்க."

மேஸ்திரியின் சம்சாரம் பாதிக் குடத்தோடு வரிசையை விட்டு நகர்ந்து, தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள்.

என் மனைவி நிறைகுடத்தோடு படியேறி வந்தபோது எழுந்து நின்று, நல்ல கையால் குடத்தைப் பிடித்து இறக்கப் போனேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

"வெளியில உங்களுக்காகப் பேசிட்டேன். அதுக்காக நீங்க செஞ்சது சரின்னு நெனச்சுக்காதீங்க" என்றாள். "கெளம்புங்க. கை வெந்தாலும் காலு நல்லாத்தான இருக்குது? அடுகோடிப் பக்கம் இன்னும் கேக்காத பட்டறை எத்தினியோ இருக்குது."

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அன்றைக்கும் வேலை கிடைக்கவில்லை.